காட்டு மண்ணின் ரிசர்வு நிதி

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் யோக்கியதையை அறிய விரும்புவோர் அதன் கட்டிடத்தைப் பார்த்துத் திருப்தியடைவதில்லை. ஐந்தொகையை வாங்கி, பங்கு மூலதனம் எவ்வளவு, வைப்புத் தொகை எவ்வளவு, ரிசர்வு நிதி எவ்வளவு என்று பார்ப்பார்கள். கட்டிடம் எல்லோர் கண்ணிலும் படும். ரிசர்வு நிதி படாது. ஆயினும் கஷ்ட காலத்தில் சங்கத்தைத் தாங்குவது அந்த நிதியே. காட்டின் நிலைமையும் இவ்வாறே இருக்கிறது. மரம் கண்ணுக்குத் தெரிகிறது. மரத்தடி மண்ணில் சேர்ந்துள்ள செல்வம் தெரிவதில்லை. அதைக் கணக்கில் சேர்க்காமல், மரத்துக்கு மாத்திரம் விலை பேசிக் காட்டைக் கொடுத்துவிட்ட கிராமங்கள் அநேகம். அந்த நிதி யாது, எந்தக் காட்டில் எவ்விதம் சேரும், எவ்விதம் கரையும், கரைந்ததை மீட்க முடியுமா என்பவையே இப்பிரசங்கத்தின் விஷயமாகும்.

நெல்லித்தோப்பும் அதன் அயலூர்களும்

புதுச்சேரி நகரத்தில் நெல்லித்தோப்பு என்றொரு பகுதி உண்டு. நெல்லி மரங்கள் நின்ற தோப்பு என்று அதன் பெயரே பொருள் தருகிறது. இன்று அங்கே செல்பவர் காண்பது வீடுகளும், கடைகளும், மார்க்கெட்டும், ஓயாத வண்டிப் போக்குவரத்துமே. நாவற்குளம், ஆலங்குப்பம் என்று சுற்றுப்புறத்து ஊர்கள் சிலவும் மரங்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. மரம் போனபின் பெயராவது மிஞ்சுகிறது. மரத்தோடு மண்ணிலிருந்து என்ன போயிற்று என்று கேட்பவர் மாத்திரம் இல்லை.

1954-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 1-ந் தேதி வரையில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக் கிராமங்கள், விழுப்புரம், கடலூர் ஜில்லாக்களின் கிராமங்களோடு பின்னிக் கிடக்கின்றன. ஒரு வயல் இந்த எல்லையிலும் அடுத்த வயல் அந்த எல்லையிலும் இருப்பதுண்டு. மண்ணுக்கு அந்த எல்லை கிடையாது. ஆதலின் இங்கே சொல்லப்படுவது இரு பக்கத்துச் சங்கங்களுக்கும் பொருந்தும்.

கரிச்சத்து மண்ணில் சேரும் விதம்

செடிகொடிகள் காற்றிலுள்ள கரியமிலவாயுவை இலைகளின் வழியே உட்கொண்டு, சூரிய வெளிச்சத்தின் உதவியால் தங்கள் உடலைக் கட்டிக்கொள்ளுகின்றன. ஈரம் போக உலர்த்தி நிறுத்துப் பார்த்தால், மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி, கார்பன் என்று வழங்கும் கரிச்சத்தாக இருக்கும். இலை உதிர்கிறது, வேர் மடிகிறது. கறையானும், மண்புழுவும், கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களும் அவற்றைத் தின்று சிதைக்கின்றன. அதில் பெரும்பகுதி மறுபடியும் கரியமிலவாயுவாகிக் காற்றோடு கலந்துவிடும். எஞ்சிய சிறுபகுதி கறுத்த மக்காகிக் களிமண் துகள்களோடு ஒட்டி மண்ணில் தங்கும். நிகர லாபத்தில் ஒரு பங்கை வருஷந்தோறும் ரிசர்வு நிதிக்கு ஒதுக்குவதற்கு ஒப்பானது இது. ஒரு வருஷத்தில் சேர்வது அற்பமே. பல தலைமுறைகளில் சேர்வது பெரிய நிதியாகும்.

எவ்வளவு பெரியது என்பதற்குச் சில கணக்குகள் போதும். உலகத்து மண்ணில் ஒரு மீட்டர் ஆழத்துக்குள் தங்கியிருக்கும் கரிச்சத்து சுமார் 1½ லட்சம் கோடி டன் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. ஆகாயத்திலுள்ள கரிச்சத்தையும் உலகத்து மரஞ்செடிகளிலுள்ள கரிச்சத்தையும் ஒன்றாகக் கூட்டினாலும் இது அவற்றிலும் அதிகம். இந்திய வன அளவீட்டு ஸ்தாபனத்தின் 2021-ஆம் வருஷத்து அறிக்கை, இந்தியக் காடுகளில் அடங்கிய கரிச்சத்தை 720 கோடி டன் என்று கணக்கிட்டது. அதில் மரம், கிளை, வேர், சருகு எல்லாம் போக, மண்ணில் மாத்திரம் இருப்பது நூற்றுக்கு 56 வீதம். காட்டின் சொத்தில் பாதிக்கு மேல் தரைக்குக் கீழே இருக்கிறது என்பது இதனால் விளங்கும்.

குடியானவருக்கு இதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். மக்கு மிகுந்த மண் பொலபொலவென்று இருக்கும். மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். உரச்சத்தை ஓடவிடாமல் பிடித்து நிறுத்தும். மண் பரிசோதனைச் சாலைகளில், கரிச்சத்து நூற்றுக்கு 0.5 வீதத்துக்குக் குறைந்த மண்ணைத் தாழ்ந்தது என்றும், 0.5 முதல் 0.75 வரை உள்ளதை நடுத்தரம் என்றும், 0.75-க்கு மேற்பட்டதை உயர்ந்தது என்றும் வகுத்திருக்கிறார்கள். ஒரு ஏக்கரில் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குள்ள மண், கன மீட்டருக்கு 1.3 டன் வீதம், சுமார் 1,580 டன் எடை இருக்கும். அதில் கரிச்சத்து அரை வீதமானால் சுமார் 8 டன். ஒரு வீதமானால் சுமார் 16 டன். ஒரு வீதம் இருந்த மண் அரை வீதத்துக்கு இறங்கினால், ஏக்கர் ஒன்றிலிருந்து ஏறக்குறைய 29 டன் கரியமிலவாயு காற்றில் கலக்கிறது என்று பொருள்.

காட்டுக்குக் காடு வேற்றுமை

எல்லாக் காடும் ஒரே வீதத்தில் சேமிப்பதில்லை. இந்தியா, பர்மா தேசங்களின் காடுகளை 1936-ஆம் வருஷத்தில் சாம்பியன் என்ற வன அதிகாரி வகைப்படுத்தினார். 1968-ஆம் வருஷத்தில் அவரும் சேத் என்பவரும் சேர்ந்து அதைத் திருத்தி, இந்தியக் காடுகளை 16 பெரும் பிரிவுகளாக வகுத்தார்கள். புதுச்சேரியில் 1955-ஆம் வருஷத்தில் ஏற்பட்ட பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையமும் தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றிய படங்களை வரைந்து வெளியிட்டிருக்கிறது. இப்பிரிவுகளில் நான்கை மாத்திரம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் வரவு செலவையும் பார்ப்போருக்கு விஷயம் தெளிவாகும். உதிரும் இலையும் மடியும் வேரும் வரவு. சிதைந்து காற்றில் போவதும், நெருப்பில் எரிவதும், வெள்ளத்தில் அரிப்பதும் செலவு.

முதலாவது, செஞ்சிப் பக்கத்துக் குன்றுகளில் காணப்படும் முட்புதரும் வறண்ட இலையுதிர் காடும். பாறை மேல் மண் மெல்லியது. வருஷத்தில் பல மாதம் இலையில்லை. கோடையில் தீப் பிடித்தால் சருகெல்லாம் சாம்பலாகும். வரவு சொற்பம், செலவு அதிகம். ஆதலால் இவ்வகையில் மண்ணின் நிதி பொதுவாகக் குறைந்தே இருக்கும்.

இரண்டாவது, சோழமண்டலக் கரைக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காடு. புதுச்சேரியில் வருஷத்துக்கு ஏறக்குறைய 1,200 முதல் 1,300 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கொட்டிவிடுகிறது. பிறகு நீண்ட வறட்சி. அப்படியிருந்தும் காயா, வீரை, உலக்கைப்பாலை, காட்டெலுமிச்சை முதலிய மரங்கள் தடித்த சிறு இலைகளோடு வருஷ முழுவதும் பசுமையாய் நின்று மண்ணுக்கு நிழல் தருகின்றன. நிழல் உள்ள இடத்தில் மண் சூடேறுவதில்லை. சூடேறாத மண்ணில் மக்கு மெதுவாகச் சிதைகிறது. இக்காடு இப்போது துண்டு துண்டாக, பெரும்பாலும் கோவிற்காடுகளாகவே மிஞ்சியிருக்கிறது. கீழ்ப்புத்துப்பட்டில் மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோவிலைச் சூழ்ந்த காடும், கடலூர்ப் பக்கத்துத் திருமாணிக்குழிக் காடும் அவற்றில் சேர்ந்தவை. மரக்காணத்துப் பக்கத்திலும் கோடிக்கரையிலும் இவ்வகைக் காடு உண்டு.

மூன்றாவது, கழிமுகங்களிலுள்ள அலையாத்திக் காடு. புதுச்சேரிக்கு அருகே தேங்காய்த்திட்டிலும், சிதம்பரத்துக்கு அருகே வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே பிச்சாவரத்திலும் இதைக் காணலாம். சுரபுன்னையும் கண்டலும் நிற்கும் சேற்றில் எப்போதும் நீர் கட்டி, பிராணவாயு மிகக் குறைவாக இருக்கிறது. பிராணவாயு இல்லாத இடத்தில் சிதைவு மிகத் தாமதப்படும். அன்றியும் ஒவ்வொரு வெள்ளமும் புதிய வண்டலைக் கொண்டுவந்து பழைய மக்கை மூடிவைக்கிறது. ஆகவே இங்கே நிதி மேலாக இல்லாமல், மிக ஆழம் வரையில் சேர்ந்து கிடக்கும்.

நான்காவது, நீலகிரி, பழனி மலைகளின் சோலைக் காடும் அதனை அடுத்த புல்வெளியும். குளிரினால் சிதைவு குறைந்து, மண் கறுத்துக் கனத்திருக்கும். நீலகிரிப் பள்ளங்களில் உறைந்து கிடக்கும் புராதன மக்கை ஆராய்ந்து, சுகுமார் முதலிய இந்திய விஞ்ஞானிகள் 1993-ஆம் வருஷத்தில் வெளியிட்ட கட்டுரையில், சுமார் 20,000 வருஷங்களுக்கு முற்பட்ட கரிச்சத்து அங்கே இருப்பதாகக் காட்டினார்கள். அத்தனை காலம் ஒரு வைப்பு கலையாமல் இருந்திருக்கிறது.

இதிலிருந்து, சோலை உயர்ந்தது, சமவெளிக் காடு தாழ்ந்தது என்று முடிவு செய்வது தவறு. சிறிய கிராமச் சங்கத்தின் நிதியை நகரத்துப் பெரிய பாங்கியின் நிதியோடு ஒப்பிட்டு, சங்கத்தைக் கலைத்துவிடலாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அந்தந்த மண்ணுக்கும் மழைக்கும் வெப்பத்துக்கும் ஏற்ற அளவே அந்தந்தக் காட்டில் சேரும். இந்தக் கடற்கரைச் செம்மண்ணிலும் மணலிலும், இத்தனை வெயிலில், மண்ணின் நிதியைக் காக்க இயற்கை பல காலம் முயன்று கண்ட ஏற்பாடு வறண்ட பசுமைமாறாக் காடேயாகும்.

கரையும் விதம்

சேர்ப்பதற்குத் தலைமுறைகள் ஆகும். கரைப்பதற்குச் சில வருஷங்கள் போதும். குவோ, கிஃபோர்ட் என்ற இரு ஆராய்ச்சியாளர் பல தேசங்களிலிருந்து வெளியான 74 ஆராய்ச்சிகளைத் தொகுத்து, 2002-ஆம் வருஷத்தில் சராசரிக் கணக்கொன்று வெளியிட்டார்கள். இயற்கைக் காட்டை அழித்துப் பயிர்நிலமாக்கினால் மண்ணின் கரிச்சத்தில் நூற்றுக்கு 42 வீதம் குறைகிறது. இயற்கைக் காட்டை அழித்து மரத்தோட்டமாக்கினாலும் 13 வீதம் குறைகிறது. பயிர்நிலத்தில் மரத்தோட்டம் வைத்தால் 18 வீதம் ஏறுகிறது. பயிர்நிலம் மீண்டும் இயற்கைக் காடாக வளர இடங்கொடுத்தால் 53 வீதம் ஏறுகிறது.

இதை ரூபாய்க் கணக்கில் பார்க்கலாம். காட்டு மண்ணில் 100 ரூபாய் இருந்தது என்று வைத்துக்கொண்டால், உழுதபின் மிஞ்சுவது 58. அந்த 58-ன்மேல் 53 வீதம் ஏறினால் ஏறக்குறைய 89 ஆகும். பல தேசத்துச் சராசரியாதலால் ஒவ்வொரு ஊருக்கும் இது அப்படியே பொருந்தாது. ஆயினும் இரண்டு விஷயங்கள் இதனால் புலப்படும். பழைய காட்டை வெட்டிவிட்டு வேறிடத்தில் கன்று நட்டுவிட்டால் கணக்கு நேராகும் என்பது சரியல்ல என்பது ஒன்று. வெறும் நிலத்தில் நடும் சவுக்கும் தைலமரமும் நன்மையே செய்யினும், நிற்கும் காட்டை அழித்து அவற்றை நட்டால் நஷ்டம் நேரும் என்பது மற்றொன்று.

மீட்டதற்கு ஒரு திருஷ்டாந்தம்

நெல்லித்தோப்பிலிருந்து வடக்கே சில மைல் தூரத்தில், 1968-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 28-ந் தேதி ஆரோவில் நகரத்துக்கு அஸ்திவாரம் போடப்பட்டது. அப்போது அந்த மேட்டுநிலம் பெரும்பாலும் மரமற்ற செம்மண் வெளி. மழை பெய்தால் மேல்மண் ஓடைகளின் வழியே கடலுக்குப் போகும். குடியேறியவர்களும் சுற்றுக் கிராமத்து ஜனங்களும் முதலில் செய்தது வரப்புப் போட்டு, ஓடைகளை அங்கங்கே அடைத்து, மழைநீரை நிலத்திலேயே நிறுத்தியதாகும். பிறகு விரைவில் வளரக்கூடிய அந்நிய மரமொன்றை நிழலுக்காக நட்டு, அதன் நிழலில் கோவிற்காடுகளிலிருந்து விதை கொண்டுவந்து உள்ளூர் மரங்களை வளர்த்தார்கள். பல லட்சம் மரங்கள் இன்று அங்கே நிற்கின்றன. கோவிற்காடு என்ற மூலதனம் மிஞ்சியிராவிட்டால், அந்த விதை எங்கே கிடைத்திருக்கும் என்பதை அங்கத்தினர்கள் யோசிக்கவேண்டும்.

2011-ஆம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தபோது, இந்தப் பிரதேசத்தில் பலாவும் முந்திரியும் காட்டுமரங்களும் கணக்கின்றிச் சாய்ந்தன. மரத்திலுள்ள செல்வம் ஒரே இரவில் கீழே விழக்கூடியது என்பதற்கு அது சாட்சி. சருகு மூடிய மண்ணிலுள்ள செல்வம் அவ்வாறு ஒரு காற்றில் போய்விடாது. ஆனால் மூடியில்லாத மண்ணின் கதி வேறு. 2024-ஆம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி ஃபெஞ்சல் புயல் கரை கடந்த சமயத்தில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. அத்தகைய மழையில் வெறுந்தரையின் மேல்மண்ணே, அதாவது மக்கு மிகுந்த பகுதியே, முதலில் அரித்துச் செல்லும்.

அங்கத்தினர்கள் செய்யவேண்டியவை

முதலாவது, ஊரிலுள்ள கோவிற்காட்டின் தரையைப் பெருக்கிச் சருகைக் கொளுத்தும் வழக்கத்தை நிறுத்தவேண்டும். திருவிழா நாளில் நடைபாதையையும் பொங்கல் வைக்கும் இடத்தையும் சுத்தம் செய்தால் போதும். வாகனம் நிறுத்துவதற்கும் கொட்டகை போடுவதற்கும் காட்டுக்கு வெளியே இடம் ஒதுக்குவது நலம். ஐயனாருக்குச் செய்யும் கைங்கரியமென்று காட்டுக்குள் சிமெண்டுத் தளம் போடுவோர், அவருக்கென்று முன்னோர் விட்டுவைத்த சொத்தையே குறைக்கிறார்கள்.

இரண்டாவது, வயலுக்கு வேண்டிய தழையைக் காட்டிலிருந்து அரித்து வாராமல் வயலிலேயே விளைவித்துக்கொள்ளவேண்டும். தக்கைப்பூண்டு, கொளிஞ்சி விதைகளைச் சங்கத்தின் மூலம் மொத்தமாக வாங்கிக் கொடுத்தால் விலை குறையும். ஆட்டுக்கிடை கட்டுவதையும் கைவிடலாகாது.

மூன்றாவது, காட்டை விரிக்க விரும்பினால், அதே காட்டின் விதையைக் கொண்டு நாற்றங்கால் போடவேண்டும். கன்று நடக் குழி வெட்டினால் போதும். நிலம் முழுவதையும் உழுவது கூடாது. உழவு, மண்ணிலுள்ள மக்கைக் காற்றுப்படச் செய்து செலவழிக்கும்.

நான்காவது, மண்ணின் கணக்கை எழுதிவைக்கவேண்டும். காட்டில் நாலைந்து இடத்திலும் பக்கத்துப் புன்செய்யில் நாலைந்து இடத்திலும், மேல் சருகை நீக்கி, 30 சென்டிமீட்டர் ஆழம் வரையில் மண் எடுத்து, தனித்தனியே கலந்து, அடையாளமிட்டுப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பலாம். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அதே இடத்தில், அதே மாதத்தில், அதே ஆழத்தில் எடுத்தால்தான் ஏற்றமா இறக்கமா என்பது தெரியும்.

ஒப்பந்தங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை

2023-ஆம் வருஷத்தில் இந்திய சர்க்கார் கார்பன் கிரெடிட் வியாபாரத் திட்டத்தைப் பிரசுரம் செய்தது. கரிச்சத்தைச் சேமித்ததற்குப் பணம் வாங்கித் தருவதாகச் சொல்லிக்கொண்டு தரகர்கள் கிராமங்களுக்கு வரக்கூடும். அவர்களில் நாணயமானவர்களும் இருக்கலாம். ஆயினும் ஒப்பந்தம் எத்தனை வருஷத்துக்கு, அளவெடுக்கும் செலவு யாருடையது, புயலில் மரம் விழுந்தால் நஷ்டம் யாரைச் சேரும், இடையில் குடியானவர் விலக நினைத்தால் என்ன ஆகும் என்ற கேள்விகளுக்கு எழுத்துமூலம் விடை பெறவேண்டும். காட்டு நிலம் கோவிலுடையதா, புறம்போக்கா, வன இலாகாவைச் சேர்ந்ததா என்பதை ரெவினியூ பதிவுகளில் பார்க்காமல் யாரும் அதன்மேல் ஒப்பந்தம் செய்யலாகாது. ஒப்பந்தத்தைப் பொதுச்சபையில் தமிழில் முழுவதும் வாசித்துக் காட்டித் தீர்மானம் நிறைவேறுமுன், ஒருவரும் தனியே கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதிருப்பது க்ஷேமம். முக்கியமாக, பழைய காட்டை வெட்டிவிட்டுப் புதிய தோட்டம் வைத்தால் பணம் வரும் என்று யாரேனும் சொன்னால், 100 ரூபாய் 87 ஆகும் கணக்கை அவர் முன் வைக்கவேண்டும்.

முடிவுரை

ரிசர்வு நிதியை அங்கத்தினர்கள் பங்கு போட்டுக்கொள்ளலாகாது என்பது கூட்டுறவில் ஊறிய விதி. முன்னிருந்த அங்கத்தினர் சேர்த்தது, பின்வரும் அங்கத்தினருக்கும் உரியது என்பதே அதன் கருத்து. கோவிற்காட்டு மண்ணும் அவ்வண்ணமே முன்னோர் சேர்த்துவைத்தது; அதில் இன்றுள்ளோர் செலவழிக்கக்கூடியது ஒன்றுமில்லை, சேர்க்கக்கூடியது உண்டு. நெல்லித்தோப்பில் தோப்பு போய்ப் பெயர் நின்றது. இன்னும் காடு நிற்கும் ஊர்களின் சங்கங்கள் அடுத்த பொதுச்சபைக் கூட்டத்தில் தங்கள் காட்டின் விஸ்தீரணத்தையும் எல்லையையும் குறித்து, அதன் தரையைக் கலைப்பதில்லை என்று ஒரு தீர்மானம் எழுதினால், இப்பிரசங்கம் பயன் பெற்றதாகும்.